பூவம்மாளின் ஆட்சேபணை

பம்பாய்
18-2-1973

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மனோரஞ்சிதம், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாரா, பரணில் தூக்கிப் போட்டுவிட்டாரா?

தை மாதம் ஊருக்கு வந்தபோது அவசர அவசரமாகக் கடைக்கால் பூஜை போட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன். பக்கத்து வீட்டில் நீ இருந்தும் உட்கார்ந்து பேச முடியவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது. புது வீட்டுக்குப் பின்னால், உன் மதிலை ஒட்டி, நீச்சல் குளம் ஒன்று கட்டப் போகிறேன். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம். இருபது வருஷமாக இங்கே சேட்டுகள் பங்களாவில் எத்தனையோ குளம் கட்டிக் கொடுத்தேன். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. வேலை முடிந்த அன்றைக்கே வாட்ச்மேன் என்னை வெளியே விட்டுக் கேட்டைப் பூட்டிவிடுவான். எனக்கும் ஒன்று வேண்டும் அக்கா.

ரயிலேறின அன்றைக்கே நகராட்சியில் பிளான் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் இதுவரை யாரும் வீட்டுக்கு நீச்சல் குளம் கேட்டதில்லையாம். பில்டிங் இன்ஸ்பெக்டர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த கெணறுன்னு எழுதறதா, தொட்டின்னு எழுதறதா?" என்று என்னையே கேட்டார். கடைசியில், பக்கத்து மனைக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். அப்பா வாங்கின இரண்டு மனையில் ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. பக்கத்து மனைக்காரர் நீதானே. ஒரு கையெழுத்து போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்பு. மற்றதை அவர் ஆபீசில் பார்த்துக்கொள்வார்.

பதிலை எதிர்பார்க்கும்
தம்பி கோதண்டபாணி


காஞ்சிபுரம்
2-3-1973

அன்புள்ள தம்பிக்கு, அக்கா பூவம்மாள் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று படித்து சந்தோஷம். மாமா தைலம் தேய்க்கிறார். வலி அப்படியேதான் இருக்கிறது. வாசனை மட்டும் தெரு முழுக்க இருக்கிறது.

கடைக்கால் பூஜை விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூஜை நன்றாக நடந்ததாகத் தெருவில் சொன்னார்கள்.

குளம் கட்டுவது நல்ல யோசனைதான். பெரிய மனுஷனாகிவிட்டாய், பெரிய மனுஷர்களுக்கு உள்ளதெல்லாம் உனக்கும் வேண்டும். கையெழுத்துக்கு என்ன அவசரம்? மாமாவுக்குக் கல்யாண சீசன். பட்டு நூல் மூட்டை மூட்டையாக வருகிறது, சாயப் பட்டறையை விட்டு நகர முடியவில்லை. ஒரு நாள் பார்த்து ஆபீசுக்குப் போகச் சொல்கிறேன்.

மனோரஞ்சிதத்துக்கு நீச்சல் தெரியுமா? நீ சொன்னதே இல்லையே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா பூவம்மாள்


காஞ்சிபுரம்
4-3-1973

அன்புள்ள தங்கை ரேணுகாம்பாளுக்கு, அக்கா எழுதுவது. நெய்வேலியில் வெயில் ஆரம்பித்துவிட்டதா? உன் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் மாறியதா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வயிறுதான் எரிகிறது. உன்னிடம் மறைப்பானேன்.

உன் அண்ணன் என் மதிலை ஒட்டி நீச்சல் குளம் கட்டப் போகிறானாம். அதற்கு நான் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இத்தனைக்கும் கடைக்கால் பூஜைக்கு என்னைக் கூப்பிட்டது எப்படித் தெரியுமா? ஒன்பது மணிக்கு என்று சொன்னார்கள். நான் குளித்து, தலை பின்னி, பால் சொம்போடு போனால் ஐயர் தட்சணையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பிறந்த பெண் தொட்டுக் கொடுக்க வேண்டிய முதல் செங்கல். மஞ்சள் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது யார்? மனோரஞ்சிதத்தின் தங்கை! அவளுக்கும் அந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு மனோரஞ்சிதம் என்னைப் பார்த்து, "லேட்டாயிடுச்சே அண்ணி" என்றாள். பாலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து காபி போட்டேன்.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். குளத்தை எப்படி விடுவது? மாகறலில் நம் கொல்லைக் கிணறு ஞாபகம் இருக்கிறதா ரேணு? நான் மேட்டிலிருந்து குதித்தால் தண்ணீர் பம்ப் செட் ரூம் வரைக்கும் தெறிக்கும். உன் அண்ணன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தள்ளிவிட்டு, நீச்சல் சொல்லிக் கொடுத்தவள் நான். சடங்கு சுற்றின மறுநாள் அப்பா, "இனிமே கெணத்துப் பக்கம் போவாத" என்றார். அதோடு சரி. முப்பது வருஷமாகச் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொம்பு, அவளுக்குக் குளமா? அவள் தொபுக்கென்று குதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் மதிலுக்கு இந்தப் பக்கம் சோறு வடிக்க வேண்டுமா? முடியாது.

கையெழுத்து போட மாட்டேன். அதோடு விடவும் மாட்டேன். எதிர் வீட்டு குமாரசாமி வாத்தியார் நன்றாக மனு எழுதுவார். நின்ற தண்ணீரில் கொசு பெருகும், ஏற்கனவே யானைக்கால் உள்ள ஊர், தெருவே பாழாகிவிடும் என்று ஆட்சேபணை மனு கொடுக்கப் போகிறேன். தம்பியிடம் மூச்சு விடாதே.

அக்கா பூவம்மாள்


நெய்வேலி
20-3-1973

அன்புள்ள அக்காவுக்கு, ரேணுகா வணக்கம். எல்லோரும் நலம். சின்னவள் இருமல் பெரியவனுக்கு மாறியிருக்கிறது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. கொசுவின் மேல் உனக்கு என்ன திடீர்க் கவலை? உன் வீட்டுக் கொசுவலை இரண்டு வருஷமாகக் கிழிந்து தொங்குகிறது.

எனக்கு மட்டும் எரியவில்லை என்று நினைக்கிறாயா? குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவள் நான். எனக்கு எரிந்தால் மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். உனக்கு எரிந்தால் ஊருக்கே புகை தெரியும்.

கிணறு எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ நீந்தி முடிக்கிற வரைக்கும் உன் பாவாடையைக் காவல் காத்தது நான்தானே. அப்பா உன்னைத் தடுத்த அன்றைக்கு நீ மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதாய். அடுத்த நாள் அண்ணன் கிணற்றில் குதித்த சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. நீ காதைப் பொத்திக்கொண்டாய். அதனால் சொல்கிறேன், உனக்குக் கோபம் யார் மேல் என்று முதலில் பார்த்துக்கொள். மனுவெல்லாம் வேண்டாம் அக்கா. அவனுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவான்.

அன்புடன்
ரேணுகா


காஞ்சிபுரம்
25-4-1973

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சௌக்கியம். உன் இரண்டு கார்டும் வந்தன. பதில் போடத் தாமதமாகிவிட்டது. கையில் நகச்சுற்று.

மாமா ஆபீசுக்குப் போய் வந்தார். கமிட்டியில் உன் குளத்தைப் பற்றிப் பெரிய பேச்சாம். பாதிப் பேருக்குக் குடிக்கிற தண்ணீரே ஒரு மணி நேரம்தான் வருகிறது, இதில் நீச்சலா என்று ஒரு கவுன்சிலர் கேட்டாராம். அதோடு, யாரோ ஆட்சேபணை மனு வேறு கொடுத்திருக்கிறார்களாம். யார் என்று தெரியவில்லை. ஊர்க் கண் அப்படி. நாலு பேர் கண்ணில் படாமல் ஒரு காரியம் செய்ய முடியாது இந்தத் தெருவில்.

குளம் இல்லாவிட்டால் என்ன? அந்த இடத்தில் நாலு தென்னங்கன்று வை. மனோரஞ்சிதத்தை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

அக்கா பூவம்மாள்


காஞ்சிபுரம்
17-5-1973

அன்புள்ள ரேணுவுக்கு, அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம்தானே? இங்கே சுகமில்லை. உன் மாமா என்னோடு பேசி நாலு நாளாகிறது.

என் மனுவைப் படித்துவிட்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் என்பவர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் நீளக் கரண்டி, கூட ஒரு ஆள், அவன் தோளில் எண்ணெய் டப்பா. நேரே தம்பி மனைக்குப் போனார். அங்கே என்ன இருக்கிறது? கோடு போட்ட சுண்ணாம்பும் நாலு ஆடும்தான். குளம் வந்தால்தானே கொசு என்று நானும் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "தெருவுல கொசு இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கம்மா. எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். வீடு வீடாகப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நம் வீடு.

உன் மாமா சாயம் தோய்த்த பட்டை அலசுகிற கல்தொட்டி பின்கட்டில் இருக்கிறதே, அதில் போன வாரத்துத் தண்ணீர் நின்றிருந்தது. கரண்டியை விட்டு மொண்டு என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "பாருங்க, எப்டித் துள்ளிக்கினு இருக்குது" என்றார். புழு, ரேணு. அத்தனையும் கொசுப் புழு. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. தொட்டியில் எண்ணெயை ஊற்றிவிட்டு, பதினைந்து நாள் தொடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். கல்யாணப் பட்டு, அரக்குச் சாயம் தோய்த்தது, அலச இடமில்லாமல் உன் மாமா அடுத்த தெரு பட்டறைக்குத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார், அந்த முழங்காலோடு. திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மதிலுக்கு அந்தாண்ட கொசு தேடினயே, கெடச்சுதா?"

எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனாலும் மனுவை வாபஸ் வாங்கப் போவதில்லை. புழு என் தொட்டியில் இருந்தால் என்ன, குளம் அவளுக்குத்தானே வரப் போகிறது.

அக்கா பூவம்மாள்


பம்பாய்
11-6-1973

பூவம்மாள் அக்காவுக்கு,

நகராட்சியிலிருந்து ஆட்சேபணை மனுவின் நகலை எனக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். யாரோ கொடுத்தார்கள் என்று எழுதினாய். நகச்சுற்று என்றும் எழுதினாய். மனு போட்ட தேதியில் கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

உன்னிடம் ஒரு கையெழுத்து கேட்டேன். போட்டிருக்கிறாய், வேறு தாளில்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

மாமாவுக்குத் தைலம் தனியாகப் பார்சலில் வருகிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கோதண்டபாணி


பம்பாய்
3-9-1973

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, மனோரஞ்சிதம் வணக்கம். நீங்களும் பெரியவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

மூன்று மாதமாக நீங்கள் அவருக்கு எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. உங்கள் மனுவைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லை. நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணி, எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே நடுக்கம். ஜூஹு பீச்சில் கணுக்கால் நனைந்தால் போதும் என்று நிற்பேன். அவர் விடமாட்டார். "எங்கக்காவா இருந்தா இந்நேரம் அந்த அலையத் தாண்டியிருப்பா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. அக்கா கிணற்றில் தலைகீழாகக் குதிப்பாள், அக்கா மூச்சடக்கி அடி மண்ணை எடுத்து வருவாள். நான் பி.ஏ. படித்தவள், பாட்டு தெரியும், நாலு பாஷை பேசுவேன். அதெல்லாம் அவர் கண்ணில் படுவதே இல்லை. குளம் கட்டி எனக்கு நீச்சல் சொல்லித் தரப் போகிறாராம், உங்களைப் போல. உங்கள் மதில் ஓரத்திலேயே நான் தத்தளிக்க வேண்டுமா?

கடைக்கால் பூஜையை முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொன்னது நான்தான். தட்டை என் தங்கையிடம் கொடுத்ததும் நான்தான். நீங்கள் வந்து நின்றால் அவர் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளாவது என் வீட்டு வேலை என் வேலையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. உங்கள் ஆட்சேபணை இருக்கிற வரைக்கும் பெர்மிட் கிடைக்காது என்கிறார். தயவு செய்து மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.

இப்படிக்கு
மனோரஞ்சிதம்


காஞ்சிபுரம்
8-9-1973

அன்புள்ள தம்பி கோதண்டபாணிக்கு, அக்கா பூவம்மாள் ஆசீர்வாதம். நீ நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாமாவுக்குப் புதுத் தைலம் கேட்கிறது, மாடிப்படி ஏறுகிறார்.

மனுவை இன்று காலை நானே ஆபீசுக்குப் போய் வாபஸ் வாங்கிவிட்டேன். குமாரசாமி வாத்தியார்தான் பாவம், இவ்வளவு நன்றாக எழுதின மனு வீணாகிறதே என்று வருத்தப்பட்டார். ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பில்டிங் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "நெஜமாத்தானா?" என்று கேட்டார்.

ஏன் மனசு மாறினாய் என்று என்னைக் கேட்காதே. மனு ஏன் கொடுத்தேன் என்று மட்டும் சொல்கிறேன். எரிந்தது, கொடுத்தேன். நான் சொல்லிக் கொடுத்த நீச்சலை நீ நீந்துவாய், உன் பெண்டாட்டி நீந்துவாள், நான் மதிலுக்கு இந்தப் பக்கம் பட்டு நூல் உலர்த்திக்கொண்டு சத்தம் கேட்க வேண்டும் என்று எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதனால் ஒரு கண்டிஷன். மதிலில் ஒரு கதவு வை. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கட்டும். நான் எப்போது வேண்டுமானாலும் வருவேன், யாரையும் கேட்க மாட்டேன். சம்மதம் என்றால் கட்டு.

மனோரஞ்சிதத்தை விசாரித்ததாகச் சொல். இப்போதெல்லாம் அவளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா பூவம்மாள்


பம்பாய்
29-10-1973

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கம். நாங்கள் சௌக்கியம். பெர்மிட் கிடைத்துவிட்டது! தண்ணீரைத் தேங்க விடாமல் மாற்ற வேண்டும், மாற்றின தண்ணீரைத் தெருவில் விடக் கூடாது, கொசுப் புழு தின்கிற மீன் விட வேண்டும் என்று மூன்று நிபந்தனை. கடைசியில் கிணறு என்றும் எழுதவில்லை, தொட்டி என்றும் எழுதவில்லை, "நீந்துவதற்கான நீர்நிலை" என்று எழுதியிருக்கிறார்கள்.

நாலாவது நிபந்தனை உன்னுடையது. கதவுக்குத் தேக்கு சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மனோரஞ்சிதத்துக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் போலிருக்கிறது.

தம்பி கோதண்டபாணி


காஞ்சிபுரம்
20-5-1974

அன்புள்ள ரேணுவுக்கு, அக்கா எழுதுவது. உன் பெரியவன் பரீட்சை நன்றாக எழுதினானா? உனக்குத் தலைசுற்றல் நின்றதா? லீவு முடிவதற்குள் புறப்பட்டு வா. வரும்போது பழைய புடவை ஒன்று எடுத்து வா, கெட்டியான நூல் புடவை.

போன வாரம் வீடு புகுந்தார்கள். பாலை நான்தான் காய்ச்சினேன். மனோரஞ்சிதமே வந்து கூப்பிட்டாள், ஒரு மணி நேரம் முன்னாலேயே. அவள் எழுதின கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது என்ன கடிதம் என்று நீ வந்தால் சொல்கிறேன்.

நேற்று விடிந்ததும் புடவையைக் கச்சம் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன். உன் மாமா, "வயசு என்னா ஆவுது ஒனக்கு?" என்றார். அப்பா நினைவு வந்தது. பதில் சொல்லாமல் போய்க் குதித்துவிட்டேன். குதித்த பிறகுதான் பயம் வந்தது. பாதி தூரத்திலேயே மூச்சு முட்டிவிட்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமி, ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். முப்பது வருஷம், ரேணு. கை மறந்துவிட்டதோ என்று அழுகையே வந்துவிட்டது. ஆனால் மறக்கவில்லை. இரண்டாவது தடவை சுவரைக் காலால் உதைத்துக் கிளம்பினேன், தானாக வந்துவிட்டது. நான் நீந்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டிருக்கும்.

சத்தம் கேட்டுத் தம்பி பல் குச்சியோடு ஓடி வந்தான். "பாத்தியா மனோ, பாத்தியா எங்கக்காவ" என்று கத்தினான். மனோரஞ்சிதம் அவன் பின்னால் வந்து நின்றாள். கையில் புத்தம் புது டவல், புது ரப்பர் தொப்பி. அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். போன வருஷம் முழுக்க என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

பாவமாகத்தான் இருந்தது. சுரைக்குடுக்கை கட்டி விடுகிறேன், நீயும் இறங்கு என்று அவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், அவள் பார்க்க, அந்தக் கோடி வரைக்கும் இன்னொரு தடவை போய் வந்தேன்.

அக்கா பூவம்மாள்